இனிப் பழைய கட்டணம் இல்லை

ஜனவரி 18

காலையில் அலுவலகம் போனதும் முதல் வேலை என் அறையில் வாளியை நகர்த்துவதுதான். மழை விட்டும் கூரை ஒழுகுவதை விடவில்லை. நிதிப் பொறுப்பாளரின் அறைக்கே ஓடு மாற்றப் பணம் இல்லை என்றால் இந்தத் துறைமுகத்தில் வேறு எதற்கு இருக்கும் என்று கிரேன் ஓட்டுகிறவர்கள் கேலி பேசுவது என் காதுக்கும் வரத்தான் செய்கிறது. பேசட்டும். இல்லாததையா பேசுகிறார்கள்?

மத்தியானம் துறைமுகத் தலைவர் கூப்பிட்டார். ஊழியர்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் ‘பார்க்கலாம்’. சம்பள உயர்வு கேட்டாலும் கழிவறைக்குத் தாழ்ப்பாள் கேட்டாலும் அதே ஒரு பதில். தங்கமான மனிதர். யாருக்கும் கெடுதல் நினைக்கமாட்டார். நல்லது செய்கிற வேகமும் கிடையாது.

அமைச்சகத்திலிருந்து பேசினார்களாம். நஷ்டத்திலேயே ஓடுகிற துறைமுகத்தை இனித் தாங்க முடியாதாம். இந்த வருடம் முடிவதற்குள் சொந்தக் காலில் நிற்க வழி காட்டவேண்டும். இல்லையென்றால் மொத்தமாக நீண்ட காலக் குத்தகை.

“யாருக்கு சார் விடுவாங்க?”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். நானும் பார்த்தேன். அங்கே தெரிவது ஒன்றுதான். சிமெண்ட் ஆலையின், மூட்டை ஏற்றும் நீளமான கன்வேயர், கப்பலின் வயிற்றுக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டு.

“பார்க்கலாம்” என்றார்.


ஜனவரி 21

ஞாயிற்றுக்கிழமை. துணி காய்கிறது. அவர் வாசலில் பைக்கைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். மனசில் ஓடுவதை எழுதி வைத்துவிட்டால் தேவலை.

துறைமுகம் ஏன் நஷ்டத்தில் ஓடுகிறது? ஊரில் பச்சைக் குழந்தையைத் தவிர எல்லோருக்கும் தெரியும். நம்மிடம் வருகிற சரக்கில் முக்கால்வாசி சிமெண்ட். ஆலை முதலாளிக்குக் கொடுத்திருக்கும் கட்டணம் இருபது வருடப் பழசு. ஒரு டன் சிமெண்ட் கப்பல் அணையும் நம் மேடையைத் தாண்டி ஏற அவர் தருவது, இன்று வாயிலில் விற்கும் இரண்டு டீயின் விலை. அன்றைக்கு ஆலையை ஊருக்கு வரவழைக்கக் கொடுத்த சலுகை. ஆலை வந்தது, வளர்ந்தது, முதலாளியின் வீடும் மூன்று மாடி வளர்ந்தது. கட்டணம் மட்டும் வளரவில்லை.

அந்தப் பணத்தில் சம்பளம் போடலாம். தூர்வார முடியாது. தூர்வாராததால் கப்பல் நுழைகிற முகத்துவாரத்தில் மணல் மேடு. மேடு ஏற ஏற வேறு கப்பல்காரர்கள் வருவதை நிறுத்திவிட்டார்கள். ஆலைக் கப்பல் மட்டும் அரைச் சரக்கோடு தரை தட்டாமல் போய்விடுகிறது. ஆகவே முதலாளி ஒருவரே கதி. அவர் ஒருவரே கதி என்பதால் கட்டணத்தைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. செக்கு சுற்றுகிற மாதிரி.

ஒப்பந்தம் பிப்ரவரிக் கடைசியோடு முடிகிறது. அதே கட்டணத்தில் புதுப்பிக்க என் பரிந்துரை வேண்டும். நான் பரிந்துரைக்காவிட்டால் அறிவிப்புப் பலகையில் இருக்கும் பொதுக் கட்டணம் தானாகவே அவருக்கும் பொருந்தும்.

வாசலில் பைக் துடைக்கிறவர் அந்த ஆலையில் கப்பல் அனுப்பும் பிரிவின் மேலாளர். என் வீட்டுக்காரர். இதையும் எழுதித்தானே ஆகவேண்டும்?


ஜனவரி 30

நாத்தனார் இன்று என்னை இழுவைப் படகில் ஏற்றிக்கொண்டாள். அவள் அதன் கேப்டன். அவருடைய தங்கை, எங்கள் வீட்டு மாடியில்தான் இருக்கிறாள். கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு டீசல் வாசத்தோடு குடித்தனம் நடத்துகிறாள்.

“அண்ணி, நீங்க காகிதத்துலயே பாத்துட்டிருக்கீங்க. வாங்க, காட்டறேன்.”

முகத்துவாரத்துக்குப் போனதும் எஞ்சினை முடுக்கினாள். படகின் பின்னால் தண்ணீர் பழுப்பாகப் பொங்கியது. அடியிலிருந்து சேறு கிளம்பி வந்துகொண்டே இருந்தது.

“இந்த மேட்டக் கொஞ்சம் செதுக்கினா போதும். பெரிய கப்பல் வேண்டாம், சின்னக் கப்பல் தாராளமா நுழையும். நான் கொண்டாந்து கட்டறேன்.”

“செதுக்கக் காசு?”

“அது உங்க டிபார்ட்மெண்ட்” என்று சிரித்தாள்.

கரையேறும் முன்பே முடிவு செய்துவிட்டேன்.


பிப்ரவரி 6

எழுதிக் கொடுத்துவிட்டேன். ‘பழைய கட்டணத்தில் புதுப்பிக்கப் பரிந்துரைக்கவில்லை.’ ஒற்றை வரி. கீழே கையெழுத்து.

தலைவர் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி படித்தார்.

“இத மீறணும்னா நான் அமைச்சகத்துக்கு எழுதணும் மேடம்.”

“எழுதுங்க சார்.”

“பார்க்கலாம்.”

எழுதமாட்டார். எனக்குத் தெரியும். இத்தனை வருடத்தில் முதல்முறையாக அந்த வார்த்தை எனக்கு அனுகூலமாக வேலை செய்கிறது.


பிப்ரவரி 7

அவருக்குத் தெரிந்துவிட்டது. முதலாளியின் வாயால்.

சாயங்காலம் வந்தார், செருப்பைக்கூடக் கழற்றவில்லை. “அத்தன பேர் முன்னாடி கேக்கறார், ‘உன் சம்சாரம் என்ன பண்ணியிருக்காங்கன்னு தெரியுமா’ன்னு. நான் திருதிருன்னு முழிக்கறேன்.”

“உங்ககிட்ட முன்னாடியே சொல்லியிருந்தா, தெரியுமான்னு அவர் கேட்டதுக்கு நீங்க பொய் சொல்ல வேண்டியிருந்திருக்கும்.”

“சொல்றதா வேண்டாமான்னு நான் முடிவு பண்ணியிருப்பேன். அதையும் நீயே பண்ணிட்ட.”

கட்டணத்தைப் பற்றி ஒரு வார்த்தை அவர் கேட்கவில்லை. அது நியாயமா இல்லையா என்றுகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மணிக்கணக்காகப் பேசியிருப்பேன். அவர் கேட்டதற்கு மட்டும் —

தலையணையை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போய்விட்டார்.


பிப்ரவரி 8

செய்தது சரி. செய்த விதம் சரியில்லை. ரெண்டும் நிஜம். என்ன பண்ணச் சொல்றீங்க?


பிப்ரவரி 15

முதலாளி கூப்பிட்டு அனுப்பினார். கார் அனுப்புகிறேன் என்றார். பஸ்ஸில் போனேன்.

மிக மரியாதையாகப் பேசினார். கண்ணாடி மேசை, பூப்போட்ட கோப்பையில் டீ. சுவரில் துறைமுகத்தின் படம் வரைந்து மாட்டியிருந்தார்கள். அதில் நம் பழைய சரக்குக் கிடங்கைக் காணோம். அந்த இடத்தில் இரண்டாவது கன்வேயர், அதற்கு அப்பால் கடலைப் பார்த்த அடுக்குமாடிகள். குத்தகை கைக்கு வரும் முன்பே பிரேம் போட்டாகிவிட்டது.

“உங்க வீட்டுக்காரர் எங்க குடும்பத்துல ஒருத்தர் மாதிரிம்மா.”

“அவர் உங்ககிட்ட சம்பளத்துக்கு வேலை பாக்கறார் சார். நான் துறைமுகத்துல பாக்கறேன். ரெண்டையும் சேத்துக் கட்டாதீங்க.”

அவருக்குச் சிரிப்பு மாறவில்லை. “நான் சரக்க நிறுத்திட்டா உங்க மேடையில நண்டுதான் ஏறும்.”

“ஏறட்டும் சார். நண்டுக்கும் கட்டணம் போட்டுடறேன்.”

எங்கிருந்து வந்தது இந்த வாய் எனக்கு? டீயைக் குடிக்காமல் வந்துவிட்டேன். அதில் ஒரு திருப்தி.


மார்ச் 2

ஒப்பந்தம் முடிந்தது. இன்று வரவேண்டிய கப்பல் வரவில்லை. கன்வேயர் நிற்கிறது. அது ஓடாதபோதுதான் இந்த இடத்தில் காற்றுச் சத்தம் இவ்வளவு உண்டு என்று தெரிகிறது.


மார்ச் 9

சரக்கை லாரியில் ஏற்றி மலைக்கு அப்பால் இருக்கும் துறைமுகத்துக்கு அனுப்புகிறார்களாம். ஊர்ச் சாலை முழுக்கச் சாம்பல் நிறம். காயப்போட்ட வெள்ளைச் சட்டை மத்தியானத்துக்குள் பழசாகிவிடுகிறது.

வங்கி மேலாளரைப் பார்த்தேன். தூர்வாரக் கடன். நாற்காலியில் சாய்ந்துகொண்டு கேட்டார்: “உங்களுக்கு இருந்ததே ஒரு வாடிக்கையாளர். அவரையும் விரட்டிட்டு வந்து எந்த நம்பிக்கையில மேடம் கேக்கறீங்க?”

“ஒருத்தர மட்டும் நம்பி இருந்தப்பவும் நீங்க குடுக்கலையே சார்.”

“அப்பவும் குடுக்கல, இப்பவும் குடுக்கல” என்றார். ஒளிவுமறைவு இல்லாத மனிதர்.


மார்ச் 19

வாயிலில் வழி மறித்தார்கள்.

தொழிற்சங்கச் செயலாளருக்கு ஒலிபெருக்கி என்று பெயர். மைக் தேவைப்படாத தொண்டை. இன்று அந்தத் தொண்டை முழுக்க என் பக்கம். “வேலை குடுங்க, இல்ல கூலி குடுங்க. எங்க வயித்துல அடிச்சுட்டு நீங்க மட்டும் உள்ள போய் ஃபேனுக்கடியில உக்காருவீங்களா?”

காவலாளி பின்வாசலைக் காட்டினார். பின்வாசலால் போவதா? நான் என்ன திருடியா விட்டேன்? கைப்பையைக் கீழே வைத்துவிட்டு எடைமேடைத் திண்டில் ஏறி நின்றேன்.

“பழைய கட்டணத்துக்கு நான் கையெழுத்துப் போட்டா நாளைக்கே கப்பல் வரும். உங்களுக்கு வேலையும் வரும். வருஷக் கடைசியில துறைமுகம் மொத்தமா அவர் கைக்குப் போகும். அவர் ஆபீஸ்ல படம் மாட்டியிருக்கார், போய்ப் பாருங்க. இன்னொரு கன்வேயர் வருது. கன்வேயருக்குக் கூலி கிடையாது. அப்ப உங்கள்ல யார் இருப்பீங்க, யார் போவீங்கன்னு நீங்களே சொல்லுங்க.”

பின்னாலிருந்து ஒரு குரல், கோபமே இல்லாமல்: “அது அப்போம்மா. இப்போ வீட்ல அடுப்பு?”

இதற்கு மேல் என்ன பேச்சு இருக்கிறது?

“அதுக்கு என்கிட்ட இன்னைக்குப் பதில் இல்ல” என்றேன். “கண்டுபிடிக்கத்தான் உள்ள விடச் சொல்றேன்.”

ஒலிபெருக்கி என்னை ஏற இறங்கப் பார்த்தான். கை கோத்து நின்றவர்களில் இரண்டு பேர் விலகினார்கள். ஒரு ஆள் நுழைகிற அளவுக்கு வழி. அவ்வளவுதான். கைதட்டல் எல்லாம் கிடையாது.


மார்ச் 23

வழி கொஞ்சம் தெரிகிறது. அலுவலகக் கூரை, குடியிருப்பு வெள்ளையடிப்பு — இந்த வருடப் பராமரிப்புக்கு இப்போதுதான் ஒதுக்கியதை எல்லாம் திரட்டினேன். பழைய சரக்குக் கிடங்கைச் செப்பனிட அதை மாற்றச் சொன்னேன். வேலை வெளி ஆளுக்குக் கிடையாது. மேடைத் தொழிலாளர்களே செய்யட்டும், கூலி கொடுக்கலாம். தலைவர் கையெழுத்துப் போட்டார். போடும்போது, “கிடங்குல எதைம்மா வைக்கப் போறோம்?” என்று கேட்டார்.

தெரியாது சார். தெரிஞ்சுக்கறேன்.


ஏப்ரல் 4

அவரைக் கப்பல் பிரிவிலிருந்து எடுத்து லாரி யார்டுக்குப் போட்டுவிட்டார்கள். அவர் சொல்லவில்லை. சட்டையில் இருந்த தூசி சொன்னது.


ஏப்ரல் 11

அவளும் என் கட்சி என்று தங்கையோடும் அவர் பேச்சை நிறுத்தியிருந்தார். இன்று நாத்தனார் சமையலறைக்கு வந்து ரகசியம்போலச் சொன்னாள்: “அண்ணன் இன்னைக்கு என்கிட்ட பேசிட்டார்.”

“என்ன சொன்னார்?”

“உப்பு எங்கன்னு கேட்டார்.”

ரெண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். பிறகு எனக்கு அழுகை வந்தது. அவள் அடுப்பைக் குறைத்துவிட்டுப் பக்கத்தில் நின்றாள். ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. அவளுக்கு அந்தப் பழக்கம் கிடையாது.


ஏப்ரல் 22

ஆரஞ்சுத் தோட்டக்காரர்களின் கூட்டுறவுச் சங்கத்துக்குப் போயிருந்தேன். ஆற்றுப் பள்ளத்தாக்கு முழுக்க அவர்கள் தோட்டம்தான். பழம் மொத்தமும் லாரியில் தலைநகருக்குப் போகிறது. போய்ச் சேரும்போது அடியில் இருப்பதெல்லாம் நசுங்கி நாறுகிறது. இப்போது சிமெண்ட் லாரிகள் சாலையை அடைத்துக்கொள்வதால் வழியிலேயே இரண்டு நாள் நிற்கிறதாம். முதலாளி லாரியில் அனுப்பிய சரக்கு எனக்கு ஒரு வாடிக்கையாளரைப் பிடித்துக் கொடுத்திருக்கிறது. அவருக்கு நன்றி சொல்லவேண்டும்.

சங்கத் தலைவி ஐம்பது தாண்டிய பெண்மணி. கை முழுக்க முள் கீறல். நான் கொண்டுபோன வரைபடத்தைப் புரட்டவே இல்லை.

“சின்னக் கப்பல் வரும், கிடங்க குளிர்பதனம் பண்ணித் தருவீங்க, மேட்ட வெட்டுவீங்க. எல்லாம் எங்க முன்பணத்துல. அப்படித்தானே?”

“ஆமா. அஞ்சு வருஷக் கிடங்கு வாடகையில ஒரு பகுதி முன்னாடியே. அதுல இருந்துதான் தூர்வாரணும். வேற வழி இல்ல, மறைக்கல.”

“சிமெண்ட்காரர் ஒருநாள் திரும்பி வருவார். வந்தா எங்கள ஓரமா தள்ளிடுவீங்க.”

“மாட்டோம்.”

“வாய்ல சொல்றீங்க.”

“வாரத்துல ரெண்டு நாள் உங்க கப்பலுக்குத்தான் மேடை. செவ்வாயும் சனியும். யார் வந்தாலும் அந்த ரெண்டு நாள்ல கைவைக்க மாட்டோம். ஒப்பந்தத்துலயே எழுதறேன்.”

அவர் என் முகத்தையே பார்த்தார். “உங்க நாற்காலியில நாளைக்கு வேற ஆள் உக்காந்தா?”

“அந்த ஆளையும் கட்டற மாதிரி எழுதறேன்.”

ஒரு கூடை ஆரஞ்சு கொடுத்து அனுப்பினார். முடிவு சொல்லவில்லை.


மே 3

சம்மதம்.

வேறு எதுவும் எழுத வரவில்லை. சம்மதம்.


மே 28

தூர்வாரும் கப்பல் வந்திருக்கிறது. துருப்பிடித்த, அழகில்லாத ஜென்மம். நாள் பூராவும் கறகறவென்று சத்தம். ஊரில் பாதிப் பேருக்குத் தலைவலி, மீதிப் பேர் கரையில் நின்று வேடிக்கை.

முழு ஆழம் வெட்டப் பணம் இல்லை. மேட்டின் உச்சியை மட்டும் சீவுகிறார்கள். தலைவர், “இவ்ளோ போதுமா?” என்றார். “சின்னக் கப்பல் சம்பாதிச்சுக் குடுத்தா அடுத்த வருஷம் இன்னும் கொஞ்சம்” என்றேன். இப்படித்தான் இனி. சம்பாதிச்சு வெட்டு, வெட்டிச் சம்பாதி. யார் காலிலும் விழவேண்டாம்.


ஜூன் 16

முதல் பழக் கப்பல்.

நாத்தனார்தான் அழைத்து வந்தாள். முகத்துவாரத்தைத் தாண்டும்போது தரை தட்டிவிடுமோ என்று கரையில் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் என்னமோ கடைத்தெருவில் சைக்கிள் ஓட்டுகிற மாதிரி ஒரு கையால் பிடித்துக்கொண்டு வந்தாள்.

ஒலிபெருக்கிக்கு மட்டும் குறை. “சிமெண்ட் மூட்ட கீழ விழுந்தா தூக்கிப் போட்டுக்கலாம். இது விழுந்தா ஜூஸ். பச்சப் புள்ளையத் தூக்கற மாதிரி தூக்கச் சொல்றீங்க. அதுக்குத் தனிக் கூலி உண்டா?”

“மனு குடுங்க.”

“குடுப்பேன். விடமாட்டேன்.”

“விடாதீங்க” என்றேன். அவன் சிரித்துவிட்டான்.

வேலை பாதிப் பேருக்குத்தான். மீதிப் பேர் கிடங்கு நிழலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பக்கம் என் கண் போய்ப் போய் வந்தது.


ஆகஸ்ட் 5

காலைச் சாப்பாட்டின்போது அவர் திடீரென்று பேசினார். எத்தனை மாதத்துக்குப் பிறகு!

“யார்டுல என்ன நிலைமைன்னு உனக்குத் தெரியுமா? லாரிக்கு ஆகற —”

“சொல்லாதீங்க.”

கையில் ரொட்டியோடு என்னைப் பார்த்தார். “சொன்னா உனக்குத் தெம்பா இருக்கும்.”

“தெரியும். அதனாலதான் வேண்டாங்கறேன். நாளைக்கு யாராவது கேட்டா, வீட்ல அந்தப் பேச்சே இல்லன்னு ரெண்டு பேராலயும் சொல்ல முடியணும். உங்களுக்குச் சம்மதமா?”

கேட்டேன். இந்தத் தடவை கேட்டேன்.

கொஞ்ச நேரம் மென்றுகொண்டே இருந்தார். “எல்லாரும் வேலைய விட்டுடுன்னு சொல்றாங்க” என்றார். “உன் தம்பிகூட ஃபோன் பண்ணினான். நான் விடமாட்டேன். என்ன யார்டுக்குப் போட்டா யார்டுலயே நிப்பேன். அவங்களா அனுப்பட்டும் பாக்கலாம்.”

“விடாதீங்க.”

“நீயும் விடாத.”

பிறகு, “வெண்ணெய் எடு” என்றார். எடுத்துக் கொடுத்தேன்.


ஆகஸ்ட் 6

ஹாலில் தலையணை இல்லை.


செப்டம்பர் 14

மலைப்பாதையில் பாலம் பழுதாம். கனரக லாரிகளுக்குத் தடை போட்டுவிட்டார்கள். அவர் சொல்லவில்லை, செய்தித்தாளில் இருந்தது. படித்துவிட்டு அவரைப் பார்த்தேன். அவர் மும்முரமாக விளையாட்டுச் செய்தி படித்துக்கொண்டிருந்தார். வாய் ஓரம் மட்டும் கொஞ்சம் கோணியிருந்தது.


செப்டம்பர் 27

முதலாளியிடமிருந்து ஆள் வந்து தலைவரோடு கதவைச் சாத்திக்கொண்டு பேசிவிட்டுப் போனார். பிறகு என்னைக் கூப்பிட்டார் தலைவர். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் பார்த்ததில்லை.

“பொதுக் கட்டணத்துக்கு ஒத்துக்கறாங்க மேடம். கொஞ்சம் தள்ளுபடி கேக்கறாங்க, அது ஒண்ணும் பெரிசில்ல. ஜெயிச்சுட்டீங்க. குத்தகைப் பேச்சும் நின்னுடும், அமைச்சகத்துக்கு நாமளே சொல்லலாம்.”

“வேற?”

மேசையில் இருந்த பேனாவை நிமிர்த்தி வைத்தார். “வாரம் ஏழு நாளும் மேடை அவங்களுக்கு முதல்ல வேணுமாம். அப்புறம்… நிதிப் பொறுப்புல வேற ஆள் இருந்தா வசதியா இருக்கும்னு நினைக்கறாங்க.”

“பழக்காரங்களோட ரெண்டு நாள்?”

“பார்க்கலாம்…”

“சார். அத மட்டும் பார்க்கலாம்னு சொல்லாதீங்க. எவ்ளோ பெரிய நம்பிக்கையில அவங்க முன்பணம் போட்டாங்க. அந்தப் பணத்துல வெட்டின வழியிலதான் இப்போ இவரோட கப்பலும் இன்னும் கொஞ்சம் நிறைஞ்சு வெளிய போகப்போகுது. ரெண்டு நாள் தரமுடியாது. என் நாற்காலிய வேணும்னா தரலாம். அது துறைமுகத்தோடது. பழக்காரங்க யாருக்கும் நான் அத எழுதிக் குடுக்கல.”

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. இருபத்தாறு வருட உத்தியோகம்.

தலைவர் ஃபோனை எடுத்து என் எதிரிலேயே முதலாளியோடு பேசினார். “செவ்வாயும் சனியும் முடியாதுங்க. இல்லங்க, யோசிக்கறதுக்கெல்லாம் ஒண்ணும் இல்ல. முடியாது. மத்தது எல்லாம் நீங்க சொன்னபடி.”

வைத்துவிட்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டார். மத்தது எல்லாம் என்றால் நான்.


செப்டம்பர் 28

வீட்டில் முதலில் அவரிடம் சொன்னேன். எல்லாவற்றையும், உட்காரவைத்து.

“மானங்கெட்ட பசங்க” என்றார். அவர் வாயில் இப்படி ஒரு வார்த்தை வந்து நான் கேட்டதில்லை. யாரைச் சொன்னார், தலைவரையா முதலாளியையா? கேட்கவில்லை.

நாத்தனார், “படகுல ஒரு ஆள் குறையுது அண்ணி. கயிறு இழுக்கத் தெரியுமா?” என்றாள்.


அக்டோபர் 10

வலிக்கவில்லை என்று எழுதலாம். யாரும் படிக்கப்போவதில்லை. ஆனாலும் எதுக்குப் பொய்? வலிக்குது. நல்லா வலிக்குது. புதிதாக வந்த இளைஞன், மிக நல்ல பையன், “மேடம், இந்த அலமாரிச் சாவி?” என்று கேட்டபோது அவன் கையில் சாவியை வைத்துவிட்டு நேராகக் கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். நான் என்ன தப்பு பண்ணேன்? சரியாப் பண்ணினதுக்குத்தானே இது? இருக்கட்டும். நானே கொடுத்தது, பிடுங்கிக்கொண்டதல்ல. அதை மட்டும் யாரும் மாற்றிச் சொல்ல விடமாட்டேன்.

என்னைக் கட்டண வசூல் பிரிவுக்குப் போட்டிருக்கிறார்கள். வாயிலை ஒட்டிய சின்ன அறை, கம்பி வைத்த ஜன்னல். நீண்ட விடுப்பில் போகச் சொல்லி மறைமுகமாகச் சொல்லிப் பார்த்தார்கள். மறுநாள் காலையிலேயே போய் உட்கார்ந்துவிட்டேன்.


அக்டோபர் 13

அமைச்சகம் குத்தகையைக் கைவிட்டதாக எழுத்தில் வந்துவிட்டது. இப்போதைக்கு என்று ஒரு வார்த்தை சேர்த்திருக்கிறார்கள். இப்போதைக்கே போதும்.

ஒலிபெருக்கி ஜன்னலுக்கு வந்து தனிக்கூலி மனுவை நீட்டினான். “இது இப்போ என் கையில இல்லப்பா” என்றேன். “தெரியும். சரியா எழுதியிருக்கனா, படிச்சுப் பாத்துச் சொல்லுங்க” என்றான். இரண்டு இடம் திருத்திக் கொடுத்தேன்.


நவம்பர் 6

செவ்வாய்க்கிழமை. மேடையில் பழக் கப்பல். சிமெண்ட் கப்பல் வெளியே நங்கூரம் போட்டுக் காத்திருந்தது.

அவரை மறுபடி கப்பல் பிரிவுக்கே எடுத்துவிட்டார்கள். அந்த வேலை தெரிந்த வேறு ஆள் அவர்களுக்கு வாய்க்கவில்லை. இன்று ஆலையின் கட்டணத்தைச் செலுத்த அவரே வந்தார். முன்பெல்லாம் ஆலை ஆட்கள் வந்தால் பக்கத்துக் கதவால் நேரே தலைவர் அறைக்குப் போய் டீ குடித்துவிட்டுக் காகிதத்தை நீட்டுவார்கள். அவர் லாரி டிரைவர்களுக்குப் பின்னால் வரிசையில் நின்றார். இஸ்திரி போட்ட சட்டை. காலையில் நான்தான் போட்டுக் கொடுத்தேன்.

அவர் முறை வந்தது. காகிதத்தை வாங்கிப் பார்த்தேன். புதுக் கட்டணம். காசோலை சரி. புரட்டினேன்.

“ரெண்டாவது பக்கத்துல கையெழுத்து இல்ல.”

“எங்க கப்பல் வெளிய நிக்குது மேடம்” என்றார், முகத்தை நேராக வைத்துக்கொண்டு.

“பழக் கப்பல் கிளம்பினதும் உள்ள வரும். கையெழுத்துப் போட்டுட்டு வாங்க.”

பின்னால் டிரைவர்களில் யாரோ கனைத்தார்கள். அவர் சட்டைப்பையில் பேனாவைத் தேடிக்கொண்டு சுவரோரம் போனார். அங்கே காகிதத்தைச் சுவரில் வைத்து அழுத்திக் கையெழுத்துப் போட்டார். அப்படியே என் ஜன்னலுக்கு வந்திருக்கலாம். யாரும் ஒன்றும் சொல்லியிருக்கமாட்டார்கள்.

வரிசையின் கடைசியில் போய் நின்றார்.

நான் அடுத்தவரைக் கூப்பிட்டேன்.